இருபதா, இருபத்தாறா

வாசல் நிலையில் சாய்ந்துவிடாதீர்கள் மேடம், பெயிண்ட் இன்னும் காயவில்லை. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே உட்காருங்கள். தம்பி ஜெயவேலு முன்னறையில் தூங்குகிறான். மத்தியான மாத்திரை கொடுத்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். நாம் மெதுவாகப் பேசலாம்.

தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். உங்கள் ஊனமுற்றோர் இல்லத்திலிருந்து அவனுக்குக் கொடுக்கப்போகிற சக்கர நாற்காலிக்குப் பெரிய சக்கரமா, சின்னச் சக்கரமா? பெரியது என்றால் அவனே கையால் உருட்டிக்கொண்டு போவான். நாலும் சின்னது என்றால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழேதான் ஒன்றுமில்லை, கையில் நல்ல பலம் இருக்கிறது, பெரியதே போடலாமே என்றீர்கள். நான் சின்னதே போதும் என்றதும் உங்கள் முகம் மாறிவிட்டது. ஏன் என்று கேட்டீர்கள். உங்கள் பெயர் லோகநாயகி என்று சொன்னதாக ஞாபகம். லோகநாயகி மேடம், சக்கர விஷயத்தில் நான் யோசிக்காமல் ஒன்றும் சொல்வதில்லை. அது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்தக் கடை எங்கள் அப்பா பக்தவச்சலம் வைத்தது. பெயர்ப்பலகையில் இப்போதும் அவர் பெயர்தான் இருக்கிறது. அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது ஜெயவேலு மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். நான் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். பஞ்சர் ஒட்டுவேன், ஸ்போக்ஸ் கம்பி கோப்பேன், வளைந்த ரிம்மைப் பெண்டு எடுப்பேன். பம்மலில் பெண்பிள்ளை ரிம் பெண்டு எடுப்பதை நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கொஞ்ச நாளில் தங்கள் சைக்கிளையும் கொண்டுவந்து விட்டார்கள். என்ன அளவு சக்கரம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொன்னதில்லை. யார் ஓட்டப்போகிறார்கள், எங்கே ஓட்டப்போகிறார்கள் என்று முதலில் கேட்பேன். ஒருவர் ஓட்டுகிற விதத்தைப் பார்த்துவிட்டால் அவருக்கு எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவேன். எதில் விழுவார் என்றும் சொல்லிவிடலாம்.

எனக்கு ஒரே ஒரு முறை கல்யாணம் கூடி வந்தது. பூந்தமல்லிக்காரர்கள், நல்ல மனிதர்கள். அவர்கள் வந்த அன்று ஜெயவேலுவுக்குக் காய்ச்சல். என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "போவாதக்கா, போவாதக்கா" என்று அழுதான். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவும் இல்லை, நான் வரச் சொல்லி ஆள் அனுப்பவும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் கேட்டான், நான் இருந்துவிட்டேன்.

தொண்ணூறு வாக்கில் பட்டை டயர் சைக்கிள்கள் வந்தன, நினைவிருக்கிறதா? அவனுக்கும் அவன் சிநேகிதன் சவுரிமுத்துவுக்கும் அதில்தான் பைத்தியம் பிடித்தது. பழைய பேப்பர் கடையிலிருந்து சவுரிமுத்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்து வந்திருந்தான். அதில் ஒருவன் சைக்கிளோடு காரின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். ட்ரயல்ஸ் என்று பெயர். பந்தயம் மாதிரி வேகமெல்லாம் இல்லை. பாறை, டிரம், சுவர் எது வந்தாலும் கால் தரையில் படாமல் சைக்கிளிலேயே ஏறி இறங்க வேண்டும். கால் வைத்தால் புள்ளி போய்விடும். எங்கள் தெருவுக்குப் பின்னால் கல் உடைத்து உடைத்துக் கைவிட்ட மலை ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் அங்கேயே கிடந்தார்கள். ஜெயவேலு பழைய ஃப்ரேமை அறுத்து வெல்டு வைத்து, இருபத்தாறு இஞ்ச் சக்கரம் போட்டு ஒரு வண்டி செய்திருந்தான். அந்தச் சக்கரங்களுக்குக் கம்பி கோத்தது நான்.

வேலை ஓய்ந்த நேரங்களில் மலையில் போய் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைப் பார்ப்பேன். என் தம்பி நல்ல உயரம். கால் நீளம். சவுரிமுத்து குரங்கு மாதிரி இரண்டு சக்கரத்தையும் தூக்கித் தூக்கிக் குதிப்பான். ஜெயவேலுவுக்குத் தூக்குவதில் சோம்பல். முன் சக்கரத்தைக் கொஞ்சம் லேசாக்கிப் பாறைமேல் உருட்டி ஏற்றிவிடுவான். அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றவன். பெரிய சக்கரம் எதையும் பார்த்துக்கொள்ளும் என்று அவன் உடம்புக்கே ஒரு நம்பிக்கை.

லூதியானாவிலிருந்து ஒரு சைக்கிள் கம்பெனி ஆட்கள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு வித்தை காட்ட வந்தார்கள். அங்கே இவர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் உங்கள் மலைக்கே வந்து பார்க்கிறோம், ஒருவனை எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம், லூதியானாவிலேயே தங்க வேண்டும், வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போக வேண்டும் என்றார்கள். ஜெயவேலு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதைச் சொன்னான். நான் சாதம் போட்டேன். "நீ தனியா இருப்பியேக்கா" என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குழம்பு ஊற்றிக்கொண்டான். பசியோடு இருந்தான்.

கம்பெனிப் பையன்கள் ஓட்டியது எல்லாம் இருபது இஞ்ச் சக்கரம். அதிலிருந்து அவனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மறுநாள் கடையில் என் எதிரே குந்திக்கொண்டு கேட்டான்.

"அக்கா, நின்ன எடத்துலேர்ந்து எகிறதுக்கு எது ஈசி?"

"இருபது."

"வெயிட்டு எது கம்மி?"

"இருபது."

"பாறை மேல வுழுந்தா எது பெண்டு ஆவாது?"

"இருபதுதான். கம்பி குட்டை இல்ல? சீக்கிரம் வளையாது."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நீங்கள் எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். எனக்கு எது சரிக்கா என்று அவன் கேட்டிருந்தால், இருபத்தாறு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன். அவன் கேட்கவில்லை.

சரி, இருபதுக்கே மாத்திடுக்கா என்றான். ஃப்ரேமுக்கு ஏற்றபடி ஃபோர்க்கை மாற்றி, ரிம் வாங்கி, கம்பி கோத்து, டயர் மாட்டி முடித்தேன். பார்க்காமல் ஒரு பொருளை யாருக்கும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரு மத்தியானம் இரண்டு தோளிலும் இரண்டு சக்கரத்தை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். புது இருபது ஒன்று, பழைய இருபத்தாறு ஒன்று.

மலையின் நடுவில் ஒரு வெடிப்பு இருக்கிறது. கல்லுக்கு வெடி வைத்தபோது இரண்டாகப் பிளந்த பாறை. அதற்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே படிப்படியாக உடைத்த கல். அந்த வெடிப்பை ஜெயவேலு தினமும் பத்துத் தடவை தாண்டுவான். தாண்டுவது என்றால் குதிப்பதில்லை, உருட்டிக்கொண்டு போய்விடுவான். கம்பெனி ஆட்களுக்கும் அந்த வழியைத்தான் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தான். நான் முதலில் இருபத்தாறை அந்த வெடிப்பில் வைத்தேன். விளிம்பில் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தள்ளினால் ஏறிவிட்டது. பிறகு இருபதை வைத்தேன். அது உள்ளே போய்விட்டது. சத்தமே இல்லாமல், அளவெடுத்து வெட்டின பெட்டிக்குள் போவது போல முழுசாகப் போய்விட்டது. கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கல் சுட்டது.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொழிச்சலூர்ப் பக்கமாக ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். மணிக்கட்டு என்று நினைத்தேன். மிஞ்சினால் கால் எலும்பு. மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும். அதற்குள் கம்பெனி ஆட்கள் சவுரிமுத்துவை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சக்கரத்தைத் துடைத்து வண்டியில் மாட்டினேன். அந்த வாரமே உள்ளறையில் கிடந்த கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். வெயில் காலம். அங்கேதான் காற்று வரும்.

புது வண்டிக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டோம். சைக்கிளுக்கும் சரி, லாரிக்கும் சரி, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஐயர் கற்பூரம் காட்டினார். ஜெயவேலு ஏறி உட்கார்ந்து மெதுவாக விட்டான். பழம் நசுங்கவில்லை. சக்கரம் அதை முன்னால் தள்ளிக்கொண்டே போனது. பழம் உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.

கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த செல்லம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாடா வேலு, ஒரு எலுமிச்சம்பழத்து மேல ஏற முடியல, நீ மலை மேல ஏறப்போறியா?"

சவுரிமுத்து சிரிக்கவில்லை. "மச்சான், பெரிய வீலா இருந்தா இந்நேரம் நசுக்கிகினு போயிருக்கும். எனக்கு இன்னாமோ மனசு ஒப்பல. பழசையே மாட்டிகினு வா" என்றான்.

"உன் வண்டிக்கு ஃபாதர் தண்ணி தெளிச்சாரு, எலுமிச்சம்பழத்தப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?" என்று ஜெயவேலு அவனைக் கிண்டல் செய்தான். ஆனால் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "நீ இன்னாக்கா சொல்ற?"

சின்னச் சக்கரம் எதன்மேலும் ஏறாது, முட்டித் தள்ளத்தான் பார்க்கும். தூக்கி வைத்தால்தான் ஏறும். அதைத்தான் பழம் காட்டியது. தெருவில் இருந்தவர்கள் சகுனம் என்று நினைத்தார்கள். எனக்கு அது சகுனம் இல்லை, கணக்கு. அவன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்னைக் கேட்டது பழத்தைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"பழம் காயா கீது, அதான் ஓடுது. வேற வெக்கலாம்" என்றேன்.

கூடையிலிருந்து இன்னொன்று எடுத்து வைத்து, அது ஓடாமல் என் கால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டேன். கோயில் வாசல் ஆனதால் செருப்பு இல்லை. சக்கரம் ஏறியது, பழம் நசுங்கியது. காலில் பித்தவெடிப்பு, சாறு பட்டு எரிந்தது. எல்லாரும் சரி சரி என்று கலைந்தார்கள். சவுரிமுத்து மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு பேசாமல் இருந்துவிட்டான். ஏன் பேசாமல் இருந்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

கம்பெனி ஆட்கள் வந்த அன்று மலையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நான் வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே நல்ல நிழல். சவுரிமுத்து முதலில் ஓட்டினான், வெடிப்பைக் குதித்துத் தாண்டினான். பிறகு ஜெயவேலு. கீழ்ப்பாறைகளில் எல்லாம் அழகாக ஏறினான். புதுச் சக்கரம் லேசாக இருந்தது அவனுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. கைத்தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலில் அவன் உடம்பு பழைய வழக்கத்துக்குத் திரும்பியதை நான் பார்த்தேன். தோள் தளர்ந்தது. வெடிப்பை நெருங்கும்போது முன் சக்கரத்தைக் கொஞ்சமாகத்தான் லேசாக்கினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"தூக்கு" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். வாயில் எச்சில் ஊறியிருந்தது, விழுங்கிக்கொண்டேன்.

முன் சக்கரம் உள்ளே போனது. சைக்கிள் நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை.

எல்லாரும் கீழே ஓடினார்கள். சைக்கிள் வெடிப்பில் செருகிக்கொண்டு தலைகீழாக நின்றது. பின் சக்கரம் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. ஃப்ரீவீல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் முதலில் அந்தச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். அப்புறம்தான் கீழே இறங்கிப் போனேன்.

முதுகெலும்பு என்றார்கள். நான் மணிக்கட்டு என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தவர்கள், நல்லவேளை கட்டில் முன்னறையிலேயே இருக்கிறது, இல்லாவிட்டால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே எப்படித் திருப்புவது என்றார்கள். ஆமாம், நல்லவேளை என்றேன்.

ஆறு வருஷம் ஆகப்போகிறது. ஒரு புண் வரவில்லை அவன் முதுகில், நீங்களே பார்த்துவிட்டுப் பாராட்டினீர்கள். திருப்பிப் போடுவேன், துடைப்பேன், பவுடர் போடுவேன். தெருவில் யார் வீட்டிலாவது அக்கா தம்பிக்குச் சண்டை வந்தால், "கனகவல்லியைப் பார்த்துக் கத்துக்க" என்கிறார்கள். ஜெயவேலு ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நீ குடுத்த வீலு மேல ஒரு தப்பும் இல்லக்கா. நான்தான் தூக்கல" என்றான். அது உண்மைதான். தூக்கியிருந்தால் தாண்டியிருப்பான். நான் மறுத்துப் பேசவில்லை.

சவுரிமுத்துதான் லூதியானா போனான். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவன் ஜெயவேலுவைப் பார்த்துவிட்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். "அன்னிக்கு நீ ரெண்டு வீலையும் தூக்கிகினு வந்து அந்த வெடிப்புல வெச்சு வெச்சுப் பார்த்தத நான் மேலேர்ந்து பார்த்தேன்க்கா. தம்பிக்காக வெயில்ல இப்படி வந்து பாக்குதே, எனக்கு இப்படி ஒரு அக்கா இல்லியேன்னு நெனச்சேன். அதனாலதான் பழம் உருண்டப்போகூட வாய மூடிகினேன். நீ பார்த்துட்டுக் குடுத்த வீலாச்சே." அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அப்படியே குடித்துவிட்டுப் போனான்.

அந்தப் பின் சக்கரத்தைக் கழற்றிக் கடையில், இதோ உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கொக்கியில்தான் மாட்டியிருந்தேன். விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் கடை அதிரும், சக்கரம் மெல்லத் திரும்பும், டிக் டிக் என்று அடிக்கும். உடனே அவன் முன்னறையிலிருந்து, "அக்கா, யாரோ வண்டி தள்ளிகினு வராங்க, போய்ப் பாரு" என்பான். போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். யாரும் இல்லைடா என்று சொல்லிவிட்டு வருவேன். போன வருஷம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குத்தான் கேட்கிறது. விமானம் இல்லாதபோதும் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இப்போதுகூட நீங்கள் தெருவில் திரும்பியபோது, நீங்கள் வந்தது எனக்கு அந்தச் சத்தமாகத்தான் கேட்டது.

ஆமாம் மேடம், தெரிந்துதான் கொடுத்தேன். இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நீங்கள் போலீசில் சொல்வதானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என்னை அழைத்துக்கொண்டு போனால் அவனை யார் திருப்பிப் போடுவார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். போவாதே என்று அவன் சின்ன வயசில் வாய்விட்டுக் கேட்டான். எனக்கு அப்படி வாய்விட்டுக் கேட்க வரவில்லை. எனக்குத் தெரிந்தது சக்கரம்தான். ஆனால் அந்தப் பாவம் எனக்குப் போதும். இனி என் கையால் அவனுக்கு ஒரு கெடுதலும் நடக்காது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

போன தடவை நீங்கள் வந்தபோது உங்கள் இல்லத்திலேயே தங்கி ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொள்ளலாம் என்று அவனிடம் சொன்னீர்கள். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தான். "பெரிய வீலே போடுங்க மேடம். மொதல்ல பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் நானே உருட்டிகினு போய்ப் பாத்துட்டு வரேன்" என்றான். உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு அவன் தோள்தான் தெரிந்தது. அன்றைக்கு வெடிப்புக்கு முன்னால் தளர்ந்த அதே தோள். பெரிய சக்கரம் எதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிற உடம்பு அது. ரோடு எல்லாம் லாரி. சக்கரத்தை நம்பி ஒருவனைத் தனியாக அனுப்பினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதனால் சின்னதே போடுங்கள். நான் பின்னாலிருந்து தள்ளிக்கொள்கிறேன். அவனிடம் காரணம் சொல்ல வேண்டுமென்றால், வாசல் அகலம் பத்தாது என்று சொல்லுங்கள். பொய் இல்லை. டேப்பை எடுத்துத் தருகிறேன், நீங்களே அளந்து பாருங்கள். பெரிய சக்கரம் இதில் நுழையாது. போன தடவை நீங்கள் வந்துவிட்டுப் போனதுமே ஆசாரியைக் கூப்பிட்டு, பழைய நிலையை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டேன்.